ஆவிகளும் வர்க்கமும்: ‘மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்’ நாவலை முன்வைத்து மிகுகற்பனை பற்றிய சில குறிப்புகள்

1

2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி இலண்டனில் புக்கர் பரிசைப் பெற்றுக்கொண்ட ஷெஹான் கருணாதிலக, தமது ஏற்புரையில் ஒரு விருப்பத்தை வெளியிட்டார். பத்தாண்டுகளின் பின்னரும் தமது நாவல் அச்சில் இருக்குமாயின், அது புத்தகக் கடைகளில் மிகுகற்பனை நூல்களுக்குரிய தட்டில், டிராகன்களுக்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைகளுக்கும் பக்கத்தில் வைக்கப்படவேண்டும். அதனை யதார்த்தவாத நாவலென்றோ அரசியல் அங்கதமென்றோ எவரும் மயங்கிக் கொள்ளாத ஓர் இலங்கை அப்பொழுது தோன்றியிருக்கவேண்டும் என்பதே அவ்விருப்பத்தின் சாரம். பரிசு பெற்ற எழுத்தாளர் ஒருவரின் நயமான பேச்சாக இதனைக் கேட்டு விட்டுவிடலாம். ஆயின் இலக்கியக் கோட்பாட்டு நோக்கில் இது ஒரு முக்கியமான வினாவை எழுப்புகின்றது. ஒரு படைப்பு யதார்த்தமா, மிகுகற்பனையா என்பதை நிர்ணயிப்பது அப்படைப்பின் வடிவமா, அல்லது அது வாசிக்கப்படும் சமுதாயத்தின் நிலைமையா? கருணாதிலகவின் கூற்று இரண்டாவது விடையையே உட்கொண்டுள்ளது. அவ்விடை எம்முடைய முற்போக்கு விமர்சன மரபுக்கு எவ்வளவு ஏற்புடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டியிலும் பேராதனையிலும் நண்பர் சிலரிடையே இந்நாவலின் ஒரே பிரதி கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. ஆங்கிலம் சரளமாக வாசிக்க இயலாதோருக்கு அதன் பகுதிகளை நாம் தமிழிற் சொல்லியும் வந்தோம். அவ்வுரையாடல்களில் எழுந்த கருத்து வேறுபாடுகளே கீழ்வரும் குறிப்புகளுக்கு உந்துதலாயின.

2

நாவலின் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். காலம் 1990. மாலி அல்மேதா எனப்படும் மாலிந்த அல்பேர்ட் கபலான ஒரு போர்ப் புகைப்படக்காரன், சூதாடி, தன்பாலுறவினன், தந்தை வழியிற் சிங்களவன், தாய் வழியிற் பறங்கியும் தமிழும் கலந்தவன். கதை தொடங்கும்போது அவன் ஏற்கெனவே இறந்துவிட்டான். அவன் கண்விழிக்கும் மறுவுலகம் நரகமுமன்று, சுவர்க்கமுமன்று. வரிசைகளும் கருமபீடங்களும் படிவங்களும் நிறைந்த ஓர் அரச அலுவலகம். அவனது உடல் துண்டுகளாகப் பேரை வாவியில் எறியப்படுகின்றது. தன்னைக் கொன்றவர் யாரென அறியவும், கட்டிலின் கீழே ஒரு பெட்டியில் மறைத்து வைத்த புகைப்படங்களைத் தன் அன்புக்குரிய இருவர் கண்டெடுத்து உலகறியச் செய்யவும் அவனுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள். அப்படங்களுள் 1983 ஆடி வன்செயலின்போது எடுக்கப்பட்டவையும் உள்ளன.

மாலியைச் சூழ்ந்துள்ள ஆவிகளுள் இருவர் முக்கியமானவர்கள். ஒருவன் சேன, மக்கள் விடுதலை முன்னணியைச் சேர்ந்து கொல்லப்பட்ட இளைஞன். உயிருள்ளோர் காதில் ஓதிப் பழிவாங்கும் வழியை அவன் நாடுகிறான். மற்றவர் கலாநிதி ராணி சிறிதரன். தீவிரவாதிகளாற் கொல்லப்பட்ட தமிழ் விரிவுரையாளர். மறுவுலக அலுவலகத்தில் உதவியாளராகப் பணியாற்றும் அவர், மாலியை மறதியையும் மறுபிறப்பையும் தரும் ‘ஒளி’யின்பால் அழைக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்து, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்ட, ‘முறிந்த பனை’ நூலாசிரியருள் ஒருவரான ராஜினி திராணகமவைத் தமிழ் வாசகர் இங்கு நினைவுகூராதிருத்தல் இயலாது. அவ்வாறே மாலியின் உருவில், 1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்டுக் கடலில் எறியப்பட்ட ஊடகவியலாளரும் நடிகருமான றிச்சட் த சொய்சாவின் சாயலைப் பலரும் கண்டுள்ளனர்.

3

இத்தகைய ஒரு நாவலை எவ்வாறு மதிப்பிடுவது? எம்மிடையே வாசித்த நண்பர் ஒருவர், பேய் பிசாசுகளைக் கொண்டு வரலாற்றைக் கூறுதல் வரலாற்றினின்றும் தப்பியோடுதலே எனக் கருதினார். இக்கருத்துக்கு ஈழத்தில் ஒரு பின்னணி உண்டு. 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதைத் தொடர்ந்து வளர்ந்த விமர்சனம், மண்வாசனையையும் மக்கள் பேச்சையும் வர்க்க முரண்பாட்டையும் முன்னிறுத்தி யதார்த்தவாதத்தை நிலைநாட்டியது. பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கியம்’, அற்புத நவிற்சிக் கதைகளினின்றும் நாவல் பிரிந்து வளர்ந்த வரலாற்றை முதலாளித்துவ சமுதாயத்தின் தோற்றத்தோடு இணைத்து விளக்கிற்று. அவ்விளக்கத்தின் பெறுமதி இன்றும் குன்றவில்லை. சாதிக் கொடுமையும் தோட்டத் துயரமும் இலக்கியத்துள் இடம்பெறுவதற்கே போராட வேண்டியிருந்த ஒரு காலத்தில், உள்ளதை உள்ளவாறு கூறு என்பது ஒரு போராட்ட முழக்கமாகும்.

ஆயினும் யதார்த்தவாதம் வேறு, நம்பத்தக்க நிகழ்ச்சிகளை மட்டும் அடுக்கும் எழுத்துமுறை வேறு. 1930களில் லூக்காச்சுக்கும் பிரெக்ட்டுக்கும் இடையே நிலவிய கருத்துமுரண்பாட்டின் மையம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலின் வடிவத்தையே யதார்த்தத்தின் அளவுகோலாகக் கொள்வதைப் பிரெக்ட் மறுத்தார். சமூக உறவுகளின் மறைந்த காரணங்களை வெளிக்கொணரும் எந்த உத்தியும் யதார்த்தவாதியின் உடைமையே என்பது அவர் நிலைப்பாடு. மார்க்சே மூலதனத்தை விளக்குமிடத்து, உயிருள்ள உழைப்பின் குருதியை உறிஞ்சி வாழும் இரத்தக்காட்டேறியின் உருவத்தைக் கையாண்டமை மனங்கொளத்தக்கது. அவர் அங்கு பேய்க்கதை கூறவில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஓர் உறவைப் புலப்படுத்துதற்கு அவ்வுருவம் அவருக்குத் தேவைப்பட்டது.

கண்டிச் சூழலில் இருந்து இதனை நோக்குவோர்க்கு வேறொரு காரணமும் உண்டு. ஈழத்தின் முதற் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் ‘அசன்பேயுடைய கதை’ 1885இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணியும் ‘முஸ்லிம் நேசன்’ பத்திராதிபருமான சித்தி லெப்பை. அந்நாவல் கண்டியைப் பற்றியதன்று. எகிப்தைக் களமாகக் கொண்ட ஒரு வீரசாகசக் கதை. கல்வி மறுமலர்ச்சிக்காக உழைத்த ஒரு சீர்திருத்தவாதி தம் கருத்துகளைப் பரப்புதற்கு அற்புத நவிற்சியையே ஊர்தியாகக் கொண்டார். எனவே எமது நாவல் வரலாற்றின் தொடக்கத்திலேயே சமூக நோக்கும் அற்புதச் சம்பவமும் ஒருங்கே இருந்துள்ளன. பின்னாளில் தமிழகத்திற் புதுமைப்பித்தன் கடவுளையும் பேயையும் கதைக்குள் அழைத்தபோதும் சமூக விமர்சனத்தைக் கைவிட்டாரல்லர்.

4

பேய்களைக் கொண்டு போரைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிற் போரின் வரலாறு பேயின் வாயிலாகவே காளிக்கு உரைக்கப்படுகின்றது. போர் முடிந்த களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழடுகின்றன. ஆயின் அப்பேய்கள் யார்? அவை களத்தில் இறந்த கலிங்க வீரருமல்லர், சோழப் படையின் காலாளருமல்லர். காளியின் ஏவலராய், பசித்துக் கிடந்து, முதற் குலோத்துங்கனின் வெற்றியால் வயிறு நிறைந்து, அவனை வாழ்த்துவோர். கொடூரமும் நகையும் கலந்த அவ்வருணனைகள் ஈற்றில் வேந்தனின் புகழுக்கே வந்து சேர்கின்றன. இறந்தவர்க்குப் பரணியில் வாயில்லை. இறந்தவரைத் தின்போருக்கே வாயுண்டு.

கருணாதிலகவின் நாவலில் இவ்வுறவு தலைகீழாகின்றது. இங்கு பேசுவோர் தின்னப்பட்டோர். பிணங்களைத் தின்று பெருகும் மகாகாளி என்ற சக்தி ஒருபுறம் நிற்க, பேரை வாவியைச் சுற்றிலும் அரசாற் கொல்லப்பட்டோர், கிளர்ச்சியாளராற் கொல்லப்பட்டோர், அமைதி காக்க வந்த படையாற் கொல்லப்பட்டோர் யாவரும் கூடித் தத்தம் கொலையைக் கூறி வாதிடுகின்றனர். உயிரோடிருந்தபோது ஒரே அறையில் அமர்ந்திருக்க மாட்டாதோர் இறந்தபின் ஒரே வரிசையில் நிற்கின்றனர். மிகுகற்பனை இந்நாவலில் ஆற்றும் முதற் பணி இது. 1987க்கும் 1990க்கும் இடைப்பட்ட இலங்கையில், வடக்கின் மரணங்களும் தெற்கின் மரணங்களும் வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு பத்திரிகைகளில், ஒன்றையொன்று அறியாது எழுதப்பட்டன. இயற்பண்பு வாத நாவலொன்றில் இவ்விரு உலகங்களையும் சந்திக்க வைத்தல் எளிதன்று. ஆவிகளின் உலகம் அச்சந்திப்பைச் சாத்தியமாக்குகின்றது.

மறுவுலகம் ஓர் அலுவலகமாகப் படைக்கப்பட்டமையும் வெறும் வேடிக்கையன்று. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் இந்நாட்டில் எத்தனை வரிசைகளில் நின்றுள்ளனர்! 1994இல் அமைக்கப்பட்ட வலய ஆணைக்குழுக்கள், 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகிய காணாமற்போனோர் அலுவலகம் என ஒவ்வொன்றின் முன்னும் அதே தாய்மார் அதே விவரங்களை மீண்டும் கூறினர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டம், அவ்வலுவலகங்களின்மேல் அவர்கள் கொண்ட அவநம்பிக்கையின் வெளிப்பாடே. நாவலில் இறந்தோர் நிற்கும் வரிசை, இறந்தோருக்காக உயிருள்ளோர் நிற்கும் வரிசையின் மறுபக்கமாகும்.

பேராதனையில் வாழ்வோருக்கு இன்னொன்றும் தோன்றும. 1989 ஒக்டோபரில் இப்பல்கலைக்கழக வளாகத்திலுள்ள அல்விஸ் குளத்தைச் சுற்றி, வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அக்காட்சியை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்து எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறார் என்று விமர்சகர் கண்டித்திருப்பர். அதனை நேரிற் காணாத தலைமுறையினராகிய நாம் அக்குளத்தைக் கடந்தே நாள்தோறும் விரிவுரைக்குச் செல்கிறோம். நடந்தது நம்பத்தகாததாய் இருக்கையில், நம்பத்தக்கதை மட்டும் எழுதுக என்னும் விதி நடந்ததை மறைக்கும் விதியாகிவிடும்.

5

இனி நாவலின் குறைபாடுகளை நோக்குவோம். தமிழிற் கதையைச் சொல்லத் தொடங்கியபோதே அவற்றுள் ஒன்று வெளிப்பட்டது. நாவல் முழுவதும் முன்னிலையிற் கூறப்படுகின்றது. மாலியின் அனுபவங்கள் யாவும் அவனை நோக்கியே சொல்லப்படுகின்றன. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல் போதும். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்ற மூன்றனுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தேயாக வேண்டும். ‘நீங்கள்’ என்றால் அவன் கொழும்பின் மேற்றட்டினன் ஆகின்றான். ‘நீர்’ என்றாற் சமவயதுத் தோழனின் குரல் கேட்கின்றது. ‘நீ’ என்றால் அன்பும் அதிகாரமும் ஒருங்கே ஒலிக்கின்றன. பொலிஸ் நிலையத்தில் ஏழை ஒருவன் கேட்கும் சொல்லும் அதுவே. எதைத் தெரிவது என்று நாம் வாதிட்டபோது, யார் யாரோடு பேசுகின்றார் என்ற வினா எழுந்தது. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் மறைத்துவைத்த வர்க்க உறவு தமிழில் மறைய மறுத்தது.

அவ்வினா நாவலின் அடித்தளத்தையே தொடுகின்றது. மாலியின் உலகம் கொழும்பின் விடுதிகள், சூதாட்ட மண்டபங்கள், தூதரகத் தொடர்புகள், ஆங்கிலம் பேசும் வீடுகள் ஆகியவற்றால் ஆனது. அவனது காதலன் டிலான் தர்மேந்திரன் ஒரு தமிழ் அமைச்சரின் மகன். தோழி ஜாக்கி வைரவநாதனும் அதே வட்டத்தினள். தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் நண்பர் ஒருவர் கதையை முழுவதும் கேட்டபின், “இவ்வளவு ஆவிகளுக்குள்ளே எங்கட ஆக்கள் எங்கே?” என்று வினவினார். நியாயமான கேள்வி.

மலையகத்தின் மரணங்கள் நீண்ட வரலாறுடையவை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தோருள் வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்களுக்குக் கல்லறையுமில்லை, பெயர்ப் பதிவுமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களை உயிரோடிருக்கும்போதே சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாதோர் ஆக்கியது. மிகுகற்பனை நாவலொன்றுக்கு இதைவிட வலிய பொருள் ஏது? தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்தையே ரோதைமுனியாக வழிபட்ட, காமனை எரித்து மீண்டும் எழுப்பிக் கூத்தாடிய ஒரு மக்கட் கூட்டத்திடம் மிகுகற்பனைக்குப் பஞ்சமில்லை.

சேனவின் பாத்திரத்திலும் இவ்விடைவெளி தெரிகின்றது. அவனுடைய சீற்றத்தை நாவல் பரிவோடு சித்திரிக்கின்றது. வறிய சிங்கள இளைஞனின் குரலை அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அவன் சார்ந்த இயக்கம் தன் ஆரம்ப வகுப்புகளிலேயே தோட்டத் தொழிலாளரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகக் காட்டிற்று. அவ்வியக்கத்தின் தலைவர் றோகண விஜேவீர 1989 நவம்பரிற் பிடிபட்டபோது, கண்டி மாவட்டத்தின் உலப்பனையில் ஒரு தோட்டக்காரராக வேடம் பூண்டு வாழ்ந்திருந்தார். தொழிலாளரைச் சந்தேகித்த புரட்சி முதலாளியின் வேடத்தில் ஒளிந்துகொண்டது என்னும் இம்முரண்பாடு ஓர் அங்கத நாவலாசிரியரின் கைக்கு வாய்த்திருக்க வேண்டியது. தெற்கின் கிளர்ச்சியை அதன் இனவாத உள்ளடக்கத்தோடு சேர்த்து ஆராயும் வாய்ப்பு இங்கு முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை.

6

கொலையாளி யார் என்ற புதிரின் விடை பற்றியும் எம்மிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அரசோ, இயக்கமோ, ஆயுத வியாபாரியோ என்று வாசகர் எதிர்பார்த்திருக்க, மாலியின் மரணத்துக்குப் பின்னால் நின்றவர் தன் மகனை அவனிடமிருந்து பிரிக்க விரும்பிய அமைச்சர் ஸ்ரான்லி தர்மேந்திரன் எனத் தெரியவருகின்றது. அரசியற் கொலையைக் குடும்ப விவகாரமாகச் சுருக்கிவிட்டார் ஆசிரியர் என்பது சிலரது குற்றச்சாட்டு.

எமது கருத்து வேறு. கொலைக்கான காரணம் தனிப்பட்டது. உடலை அப்புறப்படுத்தும் பொறியோ அரசுடையது. பேரை வாவிக்குப் பிணங்களைக் கொண்டுசெல்லும் கூலியாட்கள் ஏற்கெனவே வேலையில் உள்ளனர்; வாகனம் உண்டு; கேள்வி கேட்போர் இல்லை. கொலைப்பொறி ஒன்று நாள்தோறும் இயங்கும் நாட்டிற் சொந்தப் பகை, காணித் தகராறு, காதற் பிணக்கு யாவும் அதன் வாயிலேயே வந்து விழும். 1988–89இல் தென்னிலங்கைக் கிராமங்களில் எத்தனையோ தனிப்பட்ட பழிகள் அரசியலின் பெயரால் தீர்க்கப்பட்டன. மேலும், இனவன்முறைக்கு உடந்தையான அமைச்சரவையில் அமர்ந்திருக்கும் ஒரு தமிழரையே கொலையாளியாக்கியதன் மூலம், இனத்தின் ஒற்றுமை வர்க்கத்தின் நலனுக்கு முன் எவ்வளவு நொய்மையானது என்பதை நாவல் காட்டுகின்றது. எமது தேசியவாத விமர்சகருக்கு இஃது உவப்பாயிராது. ஆயின் உண்மையோடு ஒட்டியது.

எனினும், தனி மனிதரின் மரணமும் திரளான மரணமும் சமமாக நினைக்கப்படுவதில்லை என்பதை நாவல் போதிய அளவு உணரவில்லை. றிச்சட் த சொய்சாவின் உடல் கரையொதுங்கியபோது அடையாளம் காணப்பட்டது. உலகப் பத்திரிகைகள் எழுதின. அவரது தாயார் வைத்தியர் மனோராணி சரவணமுத்து அன்னையர் முன்னணியின் முதன்மைக் குரல்களுள் ஒருவரானார். தம் மகனுக்கு ஓர் உடலேனும் கிடைத்ததை அவ்வாய்ப்புமற்ற தாய்மாரோடு அவர் இணைத்து நோக்கியதே அவரது பெருமை. கண்டியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளையில், வைத்தியசாலைக் காணியில் 2012 நவம்பரில் வெளிப்பட்ட புதைகுழியில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் காணப்பட்டன. அவற்றின் காலம் பற்றிய சர்ச்சையில் அவர்களின் பெயர்கள் இன்னும் வெளிவரவில்லை. மாலிக்கு ஏழு நிலவுகள் கிடைத்தன. கட்டிலின் கீழ் ஒரு பெட்டி இருந்தது. அதைத் தேடிச் செல்ல ஆங்கிலம் தெரிந்த நண்பர் இருந்தனர். புகைப்படமே இல்லாது இறந்தோரின் நாவல் இனித்தான் எழுதப்படவேண்டும்.

7

இந்நாவலின் உற்பத்தி வரலாறும் கவனிக்கத்தக்கது. இதன் முந்திய வடிவம் 2020இல் இந்தியாவில் ‘சாட்ஸ் வித் த டெட்’ என்ற பெயரில் வெளிவந்தது. மேல்நாட்டு வாசகருக்கு இலங்கை அரசியலும் ஐதிகங்களும் விளங்குமாறு திருத்தி எழுதப்பட்டு, 2022இற் பிரித்தானியாவில் இன்றைய பெயருடன் வெளியாகியது. இயக்கங்களின் பெயர்களையும் கட்சிகளையும் அயலாருக்கு அறிமுகஞ் செய்யும் பகுதிகள் நாவலில் இடம்பெற்றமைக்கு இச்சந்தைத் தேவையே காரணம். எமது இறந்தோர் யாருக்கு விளக்கப்படுகின்றனர் என்ற வினாவை இது எழுப்புகின்றது. வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயின்ட் ஒவ் பிரைட் டோர்ஸ்’ 2024இல் நெபியூலா விருது பெற்றமையையும் சேர்த்து நோக்கின், இலங்கையரின் ஆங்கில எழுத்தில் மிகுகற்பனை ஒரு வலிய போக்காகி வருவது புலனாகும். இப்போக்கின் மீது உலகச் சந்தைக்குள்ள ஆர்வமும், இந்நாட்டில் நேரடியாகப் பேசமுடியாமற் கிடந்தவற்றின் அழுத்தமும் ஆகிய இரண்டும் ஒருங்கே செயற்படுகின்றன. ஒன்றை மட்டும் கண்டு மற்றதை மறத்தல் ஒருதலைப்பட்சமான விமர்சனமாகும்.

ராணி காட்டும் ஒளி மறதியின் ஒளி. சேன காட்டும் வழி பழிவாங்கலின் வழி. இவ்விரண்டுக்கும் இடையே மாலி தன் படங்களின் மூலம் சாட்சியத்தின் வழியைத் தேடுகிறான். அப்படங்கள் கொழும்பு லயனல் வென்ற் மண்டபத்திற் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பார்க்க வேண்டியோர் பலர் பார்க்காமலே போகின்றனர். சாட்சியம் தானாகவே நீதியாகிவிடாது என்பதை நாவல் அறிந்திருக்கின்றது. அதனை நீதியாக்கும் சமூக சக்தி எது என்பதை அது கூறவில்லை. ஒழுங்கமைந்த மக்கள் இயக்கம் எதனையும் அதன் ஆவிகள் நம்புவதாகத் தெரியவில்லை. 1980களின் இறுதியில் இருபுறமும் இயக்கங்கள் செய்தவற்றை நோக்கும்போது அந்த அவநம்பிக்கை விளங்கக்கூடியதே. ஆயின் விளங்கக்கூடியது யாவும் ஏற்கத்தக்கதாகாது.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் மீண்டும் அகழ்வு நடைபெற்று, குழந்தைகளுடையவை உட்பட இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவ்வேளை மாத்தளையை நினைவுகூர்ந்த தமிழர் மிகச் சிலர். மாத்தளையிற் குழி திறக்கப்பட்டபோது செம்மணியை நினைவுகூர்ந்த சிங்களவரும் அவ்வாறே. இரண்டு குழிகளையும் ஒரே வாசிப்பில் வைத்து நோக்கும்படி எம்மை நிர்ப்பந்திப்பதே இந்நாவலின் முற்போக்கான பயன் என நாம் கருதுகிறோம். இதனைத் தமிழ் வாசகரும் சிங்கள வாசகரும் சேர்ந்திருந்து விவாதிக்கும் களங்களை உருவாக்குதல் பல்கலைக்கழகச் சங்கங்களின் கடமைகளுள் ஒன்று; பேராதனைக்கு அக்கடமை சற்று அதிகமாகவே உண்டு. நாவலாசிரியர் விரும்பியவாறு இந்நூல் டிராகன்களின் தட்டுக்குச் செல்லும் நாள் வரலாம். மாத்தளையிலும் செம்மணியிலும் கிடந்தோருக்குப் பெயர்கள் திரும்பக் கிடைக்கும்வரை, நாம் அதனை வரலாற்று நூல்களின் பக்கத்திலேயே வைத்திருப்போம்.